அடுத்தவனுக்காக வாங்குற கார்

எங்கட ஊரில ஒருத்தர் பாவிச்ச கார் ஒன்று வாங்கப் போகிறார் என்றால், கூடப் போகிற எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "விக்கேக்க விலை போகுமோ?" பிரேக் பிடிக்குதா, கியர் இழுக்குதா, அடியில் துரு பிடிச்சிருக்கா என்ற கேள்வியெல்லாம் பிறகு. சில நேரம் அதுகள் வாறதே இல்லை. வாங்குகிறவர் இன்னும் சாவியைக் கையில எடுக்கேல்லை, அதுக்குள்ள அவர் அதை விற்கப்போகிற நாளைப் பற்றிக் கதைத்து முடிந்துவிடும்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு எதிரானது.

காசின்ர அருமை தெரியாமல் எழுதேல்லை. ஒரு பழைய வேகன் ஆர் அரைக் கோடி ரூபாயைத் தாண்டி விலைபோன நாடு இது. வெளிநாட்டில் இருக்கிற அண்ணா அனுப்பின காசு கொஞ்சம், அடகுக்குப் போன அம்மாவின் காப்பு கொஞ்சம், மிச்சத்துக்கு ஐந்து வருச லீசிங் என்று சேர்த்து வாங்குகிற குடும்பம், போட்ட காசு திரும்பி வருமா என்று பயப்படுவது நியாயம்தான். ஆனால் அந்தப் பயத்தில் நாங்கள் எதைப் பார்த்து விலை குடுக்கிறம் என்பதுதான் பிரச்சினை. "ரீசேல் வெலியூ இருக்கிற கார்" என்று தரகர் சொன்னால், அது நல்ல கார் என்று சொன்ன மாதிரி நாங்கள் தலையாட்டுகிறோம். இரண்டும் வேற வேற கதை.

ஒரு கார் என்பது தேயிற இயந்திரம். உலகத்தில் அனேகமான இடங்களில் புதுக் கார் கடையை விட்டு வெளியில வந்த முதல் சில வருசங்களில்தான் அதன் விலை ஆகக் கூடுதலாக விழும். பிறகு வயசு, ஓடின தூரம், அடிபட்டதா இல்லையா, ஒழுங்காக சேர்விஸ் செய்ததா, உதிரிப்பாகம் கிடைக்குமா, எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்பதைப் பொறுத்து மெல்ல மெல்ல இறங்கும்.

இலங்கையில் 2020 மார்ச்சில் இந்தக் கணக்குத் தலைகீழானது. டொலர் இல்லை என்று அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதி. ஏறத்தாழ ஐந்து வருசம் நாட்டுக்குள்ள இருந்த கார்களையே நாங்கள் ஆளுக்காள் சுற்றிச் சுற்றி விற்றுக்கொண்டிருந்தோம். இடையில் 2022இல் ரூபாய் விழுந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதம் 360 ரூபாயைத் தொட்டது. தேய வேண்டிய இயந்திரம் தங்கம் மாதிரி விலை ஏறியது. மூன்று வருசம் ஓட்டிவிட்டு, வாங்கின விலையை விடக் கூட விற்றவர்களை எல்லாருக்கும் தெரியும். அவர்கள் கெட்டித்தனமாக வாங்கவும் இல்லை, காரை விசேசமாகப் பராமரிக்கவும் இல்லை. நாடு வங்குரோத்தானதில் அவர்களுக்கு அடித்த சீட்டு அது. அதைத்தான் இன்றைக்கும் "அந்த மொடலுக்கு நல்ல ரீசேல்" என்று காரின் குணமாகச் சொல்லுகிறோம்.

அந்த 2022ஐக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஜூலையில் கியூஆர் அட்டை வந்தபோது ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அதுக்கு முதல் இரவிரவாக வரிசை. கனக்கக் கார் ஓடவே இல்லை, முற்றத்தில தறப்பாள் போர்த்திக்கொண்டு நின்றது. அப்படி நின்ற காலத்திலும் அதுகளின் விலை 2019இன் இடத்துக்குத் திரும்பி இறங்கவில்லை. ஓட முடியாத காருக்கு அவ்வளவு விலை என்றால், அந்த விலை எதற்கான விலை?

இதே மண்ணில் இதற்கு நேர் எதிரான காலம் ஒன்றும் இருந்தது. 1990இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போனபோது, யாழ்ப்பாணத்தில் ஓடினது ஒஸ்டின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும்தான். காபரேட்டருக்குள்ள கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். அந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு, அதனால் மண்ணெண்ணெயைத் தாங்கியது. புகையும் நாற்றமும் இருந்தது, எஞ்சின் பாழாகியும் போனது. ஆனால் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அந்த முப்பது, நாற்பது வருசக் கார்தான். அப்போது எங்கட சனம் காரைப் பார்த்துக் கேட்ட கேள்வி "இது ஓடுமோ?" என்பது. நம்பர் பிளேட்டில என்ன எழுத்து இருந்தால் என்ன, பெயின்ட் என்ன நிறமாக இருந்தால் என்ன. தட்டுப்பாடு மனிதருக்கு நல்ல பாடம் சொல்லித் தரும் என்றெல்லாம் நான் சொல்லவரவில்லை, அந்தக் காலம் யாருக்கும் திரும்பி வரவேண்டாம். ஆனால் ஒரு காரின் பெறுமதி அதன் பாவனைதான் என்பது தெரிந்த சனம்தான் நாங்கள்.

இப்ப எங்கட விலையை எது தீர்மானிக்குது?

முதலாவது நம்பர். "என்ன நம்பர்?" என்பது தரகரின் வணக்கம் மாதிரி. கே வரிசையா, சிஏ வரிசையா, சிபி வரிசையா என்று கேட்டுவிட்டுத்தான் மிச்சக் கதை. இந்த நாட்டில் நம்பர் பிளேட் ஒருநாளும் வெறும் தகரமாக இருந்ததில்லை. 1957இல் சிங்கள ஸ்ரீ எழுத்தைப் பிளேட்டில் போட்டதால் தெருவில் நடந்த சண்டை எங்கட வரலாற்றுப் பாடம். இப்போதைய கதை அந்தளவுக்குப் பெரிதில்லை, ஆனாலும் ஏமாற்றுதான். பிளேட்டில் இருக்கிற எழுத்து, கார் இலங்கையில் எப்போது பதியப்பட்டது என்று மட்டும்தான் சொல்லும். அது எந்த வருசம் செய்யப்பட்டது, ஜப்பானில் எத்தனை வருசம் ஓடியது என்பதைச் சொல்லாது. ரீகண்டிசன் காரில் இந்த இரண்டுக்கும் இடையில் வருசக்கணக்கான வித்தியாசம் இருக்கலாம். புத்தகத்தில் உற்பத்தி ஆண்டு தெளிவாக எழுதிக் கிடக்கும். நாங்களோ எழுத்தைப் பார்த்துக் காசு குடுக்கிறம்.

இரண்டாவது நிறம். வெள்ளை, இல்லாவிட்டால் சில்வர். சிவப்பு விருப்பம் என்றாலும் வாங்கமாட்டோம், "விக்கேலாது" என்று. வீட்டில் எல்லாருக்கும் நீலம் பிடிக்கும், ஆனால் பத்து வருசம் ஓட்டப்போவது வெள்ளை. சீற்றுக்குப் போட்ட பிளாஸ்டிக்கையும் கழற்றமாட்டோம். வியர்த்து ஒட்டிக்கொண்டு, இன்னும் முகம் தெரியாத ஒருத்தருக்காக அந்தச் சீற்றைப் பாதுகாக்கிறோம்.

மூன்றாவதுதான் எனக்கு உண்மையில் கோபம் வருகிற இடம். விளம்பரங்களைப் பாருங்கள். "டொக்டர் பாவிச்ச கார்." "லேடி டிரைவன்." "ஒரே ஓனர்." "வெளிநாட்டுக் குடும்பம், லீவுக்கு மட்டும் ஓடினது." ஒரு டொக்டர் ஓட்டினால் எஞ்சின் எண்ணெய் தானாக மாறுமா? இரவு வேலை முடிந்து அரைத் தூக்கத்தில் குண்டும் குழியுமான றோட்டால வீட்டுக்கு வருகிற மனிதரும் டொக்டர்தானே. பொம்பிளை வாகனம் ஓட்டினால் தெருவில் வைத்துச் சிரிக்கிற அதே ஆட்கள், விற்கிற நேரம் "லேடி டிரைவன்" என்று இரண்டு இலட்சம் கூடக் கேட்கிறார்கள். கலியாணத் தரகர் கதைக்கிற மொழியும் கார்த் தரகர் கதைக்கிற மொழியும் ஒன்றுதான். குடும்பம், உத்தியோகம், "ஒரு கை பட்டது" என்ற அதே சொற்கள். ஹயருக்கு ஓடின கார் என்றால் முகம் சுளிப்பு. அந்தக் காரை ஓட்டினவருக்கு அதுதான் சோறு, அதனால் நேரத்துக்கு எண்ணெய் மாற்றியிருப்பார் என்று யாரும் யோசிப்பதில்லை. இங்கே விலை போடப்படுவது உரிமையாளரின் அந்தஸ்துக்கு. கார் சும்மா சாட்டு.

இந்த "ஒரே ஓனர்" மோகத்துக்கு இன்னொரு விளைவும் இருக்கு. புத்தகத்தில் பெயர் கூடினால் விலை குறையும் என்பதால் பெயர் மாற்றாமலே கார் கைமாறுகிறது. விற்பவர் பெயர் மாற்றுப் படிவத்தில் கையெழுத்தை மட்டும் வைத்துக் குடுத்துவிடுவார், வாங்குபவர் பெயர் வெற்றிடம். "ஓப்பின் பேப்பர்" என்று சாதாரணமாகச் சொல்லுவோம். மூன்று, நாலு பேரின் கைக்குப் போன பிறகும் புத்தகத்தின்படி அது முதல் ஆளின் கார்தான். நாளைக்கு அந்தக் கார் ஆரையும் அடிச்சுப்போட்டு ஓடினால் பொலிஸ் முதலில் தட்டுவது அவரின் கதவை. வாங்குகிறவருக்கோ, இடையில் அதை வைத்திருந்தவர்கள் யார், எப்படிப் பாவித்தார்கள் என்று அறிய ஒரு வழியும் இல்லை. விலையைக் காப்பாற்றுவதற்காகக் காரின் வரலாற்றையே அழிக்கிறோம்.

நாலாவது மீட்டர். எண்ணுக்குக் காசு குடுத்தால், எண்ணைச் செய்து தர ஆள் வரும். மீட்டரில 1,40,000 கிலோமீற்றரை 60,000 ஆக்குவது இன்றைக்கு மடிக்கணினியும் வயரும் இருந்தால் செய்யக்கூடிய வேலை. ஸ்டியரிங்கின் தோல் வழுவழுப்பாகி, பிரேக் பெடலின் றப்பர் தேய்ந்து, சாரதி சீற்றின் ஓரம் நைந்து இருக்கிற காரில் 60,000 என்று எழுதிக் கிடந்தால் எதை நம்பவேண்டும் என்று கண் சொல்லும். ஆனால் நாங்கள் எண்ணைத்தான் நம்புகிறோம், ஏனென்றால் எங்களிடம் வாங்கப்போகிறவனும் எண்ணைத்தான் நம்புவான். உண்மையாக ஓடின தூரத்தை மீட்டரிலே அப்படியே வைத்துக்கொண்டு விற்க வருகிற நேர்மையான ஆளின் காருக்குத்தான் விலை குறைகிறது. கள்ளனுக்குப் பரிசும் நேர்மையானவனுக்குத் தண்டமும் குடுக்கிற சந்தை இது.

இதுக்கு வழி இல்லாமல் இல்லை. ஜப்பானில் வாகனப் பரிசோதனையின்போது மீட்டர் வாசிப்பும் பதிவாகிறது. பிரித்தானியாவில் வருசாந்தப் பரிசோதனையில் எடுக்கிற வாசிப்பை, நம்பரைத் தட்டினால் யாரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இங்கேயும் நாங்கள் வருசத்துக்கு ஒருக்கா புகைச் சோதனைக்குக் காரைக் கொண்டுபோகிறோம், அந்தச் சான்றிதழ் இல்லாமல் வாகன வரிப்பத்திரம் எடுக்கேலாது. அந்த நேரத்து மீட்டர் வாசிப்பை, நம்பரைத் தட்டினால் வாங்கப்போகிறவருக்குத் தெரியும்படி மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் திறந்துவிடட்டும். புதுக் கட்டடம் வேண்டாம், புது வரியும் வேண்டாம். மீட்டர் திருப்புகிற தொழில் அதோட படுத்துவிடும்.

இனி, விலையில் சேராத விசயங்களைப் பார்ப்பம்.

டகாடா ஏர் பேக் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த நிறுவனம் செய்த ஏர் பேக்கை விரிய வைக்கிற பகுதி, வெக்கையிலும் ஈரத்திலும் வருசக்கணக்காகக் கிடந்தால் பழுதாகி, விபத்து நேரத்தில் அளவுக்கு மீறி வெடித்து இரும்புத் துண்டுகளை ஓட்டுநரின் முகத்துக்கும் கழுத்துக்கும் எறியும். உயிரைக் காப்பாற்ற வைத்த சாமான் ஆளைக் கொன்றிருக்கிறது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் திருப்பி அழைக்கப்பட்ட இந்த ஏர் பேக்குகள் டொயோட்டா, ஹொண்டா, நிசான் என்று இங்கே நாங்கள் விரும்பி வாங்குகிற பெயர்கள் எல்லாவற்றிலும் இருந்தன. வெக்கையும் ஈரமும்தான் எதிரி என்றால், இலங்கையை விட மோசமான இடம் எது? செசி நம்பரைக் குடுத்தால் அந்தக் காருக்குத் திருப்பி அழைப்பு இருக்கா, மாற்றியாச்சா என்று உற்பத்தியாளரின் வழியாகப் பார்க்கலாம். சில நிமிச வேலை. கார் பார்க்கப் போகிற எத்தனை பேர் அதைக் கேட்கிறார்கள்? வெள்ளை நிறத்துக்கு விலை ஏறுகிறது. ஏர் பேக் மாற்றின காருக்கு ஒரு சதமும் ஏறுவதில்லை.

வெள்ளத்தில் நின்ற கார்களும் அப்படித்தான். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோதும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு நாடே தாண்டபோதும் நூற்றுக்கணக்கில் கார் தண்ணிக்குள்ள கிடந்ததைப் படங்களில் பார்த்தோம். அதுகள் எல்லாம் பழைய இரும்புக்குப் போகவில்லை. கழுவி, பொலிஷ் அடித்து, வேறு மாவட்டத்துக்கு விற்பனைக்கு வரும். சீற் பெல்ட்டை முழுக்க வெளியில இழுத்துப் பாருங்கள், உள்பக்கத்தில் சேற்றுக் கோடு இருக்கும். கால்மிதிக்குக் கீழ இருக்கிற கம்பளத்தைத் தூக்கி மணந்து பாருங்கள். வயர் இணைப்புகளில் பச்சை படிந்திருக்கா என்று பாருங்கள். மேலால மினுங்குகிற பெயின்ட் இதொன்றையும் சொல்லாது. கரையோரத்தில் வருசக்கணக்காக நின்ற காரின் அடித்தகட்டை உப்புக் காற்று தின்பதும் மேலால பார்த்தால் தெரியாது.

மின்சாரக் கார் இன்னொரு பாடம். நிசான் லீஃப் இங்கே ஒரு காலத்தில் கனக்க வந்தது. அதன் ஆரம்ப மொடல்களில் பற்றரியைக் குளிராக்க ஒரு ஏற்பாடும் இல்லை, அதனால் சூடான நாட்டில் பற்றரி கெதியாகத் தேயும். மீட்டர் பலகையில் 12 கட்டங்கள் இருக்கும், பற்றரி தேயத் தேய ஒவ்வொன்றாக அணையும். கார் எவ்வளவு பாவித்தது என்பதை அது தானே சொல்லும். "லீஃபுக்கு ரீசேல் இல்லை" என்று ஒரு சொல்லில் முடிக்கிற ஆட்கள், கட்டம் குறையாத லீஃபையும் பாதிக் கட்டம் போன லீஃபையும் ஒரே கண்ணால் பார்க்கிறார்கள். ஹைபிரிட் வாங்குகிறவர்களும் அப்படி. அக்வாவா பிரியஸா என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள், பற்றரியைச் சோதித்த அறிக்கை எங்கே என்று கேட்கமாட்டார்கள்.

"இதெல்லாம் சரி தம்பி, ஆனா விக்கேக்க நட்டப்படுறது நாங்கள்தானே" என்று சொல்வீர்கள். சரி, கணக்காகவே பார்ப்பம். ஒரே அளவு நல்ல நிலையில் இரண்டு கார். ஒன்று சந்தைக்குப் பிடித்த பெயர், நிறம், நம்பர். அதற்காக 5 இலட்சம் கூட. அந்த 5 இலட்சத்தையும் லீசிங்கில் சேர்க்கிறீர்கள், வட்டி வருசத்துக்கு 15 வீதம், ஐந்து வருசம் என்று வையுங்கள். மாதம் ஏறத்தாழ 11,900 ரூபாய் கூடக் கட்டவேண்டும். முடிவில் அந்த 5 இலட்சத்துக்காக நீங்கள் கட்டினது 7 இலட்சத்து 14 ஆயிரம் அளவு. விற்கிற நேரம் சந்தை அந்த வித்தியாசத்தை ஒரு சதம் குறையாமல் திருப்பித் தந்தாலும், உங்களுக்கு 2 இலட்சத்துக்கு மேல் நட்டம். ஐந்து வருசத்தில் அந்த மொடலின் மவுசு குறைந்தால் அதுவும் இல்லை. "விலை போகிற கார்" வாங்கினதில் உறுதியாக உழைத்தவர்கள் லீசிங் கொம்பனியும் தரகரும்தான்.

ஐந்து வருசத்துக்குப் பிறகு என்ன விலை என்று தரகருக்கும் தெரியாது. அந்த விலை கொழும்பில் எழுதப்படுகிறது. எஞ்சின் எத்தனை சிசி என்று பார்த்து வரி போடுகிற நாடு, அந்த வரியை எப்ப வேண்டுமென்றாலும் மாற்றுகிற நாடு, லீசிங்குக்கு எத்தனை வீதம் குடுக்கலாம் என்று மத்திய வங்கி கூட்டிக் குறைக்கிற நாடு. ஒரு வர்த்தமானி வந்தால் உங்கள் காரின் விலை இரவோடிரவாக மாறும், கார் அதே முற்றத்தில் அதே இடத்தில் நிற்கும். இதை முன்கூட்டியே கணக்குப் பண்ணிக் கார் வாங்குகிறேன் என்பது சீட்டிழுக்கிறது மாதிரி. சீட்டிழுக்க விருப்பமென்றால் இழுங்கள், ஆனால் அதற்காகக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிற சாமானைப் பணயம் வைக்கவேண்டாம்.

படித்து முடித்து வேலைக்குப் போய், முதல் காரை லீசிங்கில் எடுக்கப்போகிற வயசு எங்களுடையது. அப்பா காலத்துச் சந்தைக் கதையை அப்படியே தொடருவதா என்பது எங்கட கையில்தான் இருக்கு. சேர்விஸ் பதிவுப் புத்தகத்தோடு வருகிற காருக்குக் கூட விலை குடுப்பம். பழுதை மறைக்காமல் சொல்லுகிற ஆளிடம் அதைக் காட்டி ஒரேயடியாக விலையை அடிக்காமல் இருப்பம். ஓப்பின் பேப்பரில் வாங்கமாட்டோம் என்று சொல்லுவம். விற்கிற நேரமும் அப்படியே, மாற்றின பாகங்களின் பற்றுச்சீட்டை எடுத்து நீட்டுவம். வாங்குகிறவன் கேட்கத் தொடங்கினால்தான் விற்கிறவன் எடுத்து வைக்கத் தொடங்குவான்.

அடுத்த கிழமை யாராவது கார் பார்க்கக் கூட வரச்சொல்லிக் கேட்டால் போங்கள். எல்லாரும் நம்பரைப் பற்றிக் கதைக்கிற நேரம், நீங்கள் செசி நம்பரை எழுதிக்கொண்டு வாங்கோ.